அழகுபாண்டி விற்ற மாடுகள்

தான் மாடு விற்ற விஷயம் அழகுபாண்டிக்கு டீக்கடையில் வைத்துத்தான் தெரியவந்தது.

டி. கல்லுப்பட்டியில், ராஜபாளையம் போகும் ரோட்டில் உரக்கடை வைத்திருப்பவர் அவர். கடை திறக்கும் முன் எதிரே உள்ள டீக்கடையில் ஒரு டீ குடிப்பது வழக்கம். அந்தத் திங்கட்கிழமை டீக்கடைக்காரர் காசை வாங்க மறுத்துவிட்டார்.

"வேணாம்ணே. உங்ககிட்டப் போயிக் காசு வாங்குனா எனக்குச் சோறு எறங்காது."

"ஏம்ப்பா, என்னாச்சு?"

"நேத்து டிவி பாக்கலயா? உங்க தம்பி மகன் எல்லாத்தையும் சொல்லிப்புட்டான்ணே. உழவு மாடு ரெண்டையும் வித்து அந்தப் பிள்ளைக்கு ஆர்மோனியம் வாங்கிக் குடுத்தீகளாமுல்ல. எங்க வீட்ல அம்புட்டுப் பேரும் அழுதுட்டாக. இத்தன வருசமா ஒரு வார்த்த வெளிய சொல்லலயே நீங்க!"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பி அழகுபாண்டியைப் பார்த்தார்கள். அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. கோயில் திருவிழாவுக்கு வரி கேட்டு வருகிறவர்கள் அவர் கடையைக் கடைசியாக வைத்துக்கொள்வார்கள்; கடைசியாக வந்தாலும் அவர் சாப்பிடப் போயிருப்பார். மாடு என்று ஒன்று அவர் வைத்திருந்ததே இல்லை. அவருடைய அப்பா காலத்திலேயே தோட்டத்துக்கு டிராக்டர் வந்துவிட்டது.

"நீங்க எப்பண்ணே மாடு வச்சிருந்தீக?" என்று பெஞ்சில் ஒருவர் கேட்டார். அழகுபாண்டி பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர் முந்திக்கொண்டார்: "அது தோட்டத்துல நின்டுருக்கும். ஒங்கிட்டக் காமிச்சிட்டா வளப்பாக?"

கேள்வி கேட்டவருக்கு வெட்கமாகிவிட்டது. அத்தோடு அந்தச் சந்தேகம் ஊரில் தீர்ந்தது.

டிவியில் பேசியவன் அருள்பாண்டி. அழகுபாண்டியின் தம்பி கருத்தக்கண்ணன் டெலிபோன் ஆபீசில் வேலை கிடைத்துச் சின்ன வயதிலேயே சென்னைக்குப் போனவர். போன இடத்தில் வெறும் கண்ணன் ஆகிவிட்டார். அவருடைய மகன் சென்னையில் பிறந்து, சென்னையில் படித்து, பெரிய வித்வான் ஒருவரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டவன். ஊருக்குக் கிடாவெட்டுக்கு வந்தால் கொசுக்கடி தாங்காமல் மறுநாளே பஸ் ஏறிவிடுவான். அவன்தான் இப்போது 'மதுரை அருள்' என்ற பெயரில் டிவி பாட்டுப் போட்டி ஒன்றில் கரிசல் மண்ணைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தான்.

அழகுபாண்டி வீட்டுக்குப் போனதும் மனைவி சுந்தரம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"எந்த மாட்ட வித்தீக? இந்த வீட்ல மிக்சி மாத்தணும்னு நான் ரெண்டு தீவாளியாக் கத்துறேன். நீங்க ஆர்மோனியம் வாங்கிக் குடுத்தீகளாக்கும்."

"நான் எங்கடி வாங்கிக் குடுத்தேன்? பய ஒளறியிருக்கான்."

மத்தியானம் சென்னையிலிருந்து தம்பி பேசினார். வழக்கமாகக் கணீரென்று பேசுகிறவருக்கு அன்றைக்குக் குரல் உள்ளே போயிருந்தது.

"அண்ணே, அவன பத்து வருசம் ஸ்கூட்டர்ல பாட்டு கிளாசுக்குக் கொண்டுபோய் விட்டவன் நான். மழையில நனைஞ்சிக்கிட்டு வெளியவே நிப்பேன். டிவில என்னயப் பத்தி ஒரு வார்த்த இல்ல. உன் மாட்டச் சொல்றான்."

"எங்கிட்ட ஏதுடா மாடு?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

அழகுபாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. உடனே அருள்பாண்டிக்குப் போன் போட்டார். அவன் எங்கோ மேக்கப் போட்டுக்கொண்டிருந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க பெரியப்பா. போன வருஷமும் இதே போட்டிக்குப் போனேன். நல்லாப் பாடுற தம்பி, ஆனா உனக்குக் கதை இல்லையேன்னு முதல் வாரமே அனுப்பிட்டாங்க."

"பாட்டுக்கு எதுக்குடா கதை?"

"பாட்டு கொஞ்ச நேரம்தானே பெரியப்பா. மிச்ச நேரம் என்ன காட்டுவாங்க?"

"அப்பன் ஸ்கூட்டர்ல கொண்டுவந்து விட்டாருன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். ஸ்கூட்டருக்கு யாரும் அழ மாட்டாங்களாம்."

ஊரில் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் அழகுபாண்டி முடிவு செய்தார். சாயங்காலம் கடைக்கு வந்த முதல் ஆளிடம் சொல்லியும் பார்த்தார். "அப்படியெல்லாம் நான் ஒண்ணும் செய்யலப்பா." வந்தவர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "செஞ்சத செஞ்சேன்னு சொல்றவனுக்கு மத்தியில இப்படி ஒரு ஆளா!" என்றார். அடுத்த வாரம் மறுத்துப் பார்த்ததற்கு மரியாதை இன்னும் கூடியது. அதற்கு அடுத்த வாரம் அவர் மறுப்பதை நிறுத்திக்கொண்டார்.

அருள்பாண்டி போட்டியில் ஜெயித்தான். கரிசல் பாட்டு கல்யாண வீடு, காதுகுத்து, மினிபஸ் எங்கும் ஓடியது. அழகுபாண்டியை ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு அழைத்துப் பேசச் சொன்னார்கள். அவருக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, மாட்டைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் மைக்கைப் பிடித்ததும் வார்த்தை வந்தது. ஒன்று செவலை, ஒன்று மயிலை என்றார். தரகன் ஓட்டிக்கொண்டு போகும்போது செவலை மட்டும் ரோடு முனையில் நின்று தன்னைத் திரும்பிப் பார்த்தது என்றார். சொல்லிவிட்டு அவரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்தாள்.

"செவல எதுக்குத் திரும்பிப் பாத்துச்சாம்?" என்று வீட்டில் சுந்தரம்மாள் கேட்டாள். "இந்த ஆளு மூஞ்சிய எப்படா மறப்போம்னா?"

அந்த ஐப்பசியில் அருள்பாண்டி ஊருக்கே வந்தான். அவனைப் பற்றி ஒரு படம் எடுக்கிறார்கள் என்று கேமராவோடு ஒரு வேனும் வந்தது. அழகுபாண்டியின் டைல்ஸ் போட்ட வீட்டைப் பார்த்து டைரக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. ஊருக்கு வெளியே ஓலைக் கொட்டகை ஒன்றைப் பிடித்தார்கள். அழகுபாண்டிக்கு வேட்டியைக் கொஞ்சம் அழுக்காக்கிக் கட்டிவிட்டார்கள். காட்சி இதுதான்: புகழ் பெற்ற மகன், பெரியப்பா தனக்காக விற்ற மாடுகளுக்குப் பதிலாக ஒரு ஜோடி மாடுகளைப் பிடித்துக்கொண்டு வயல் வழியாக நடந்து வருகிறான். பெரியப்பா கயிற்றை வாங்கி அழுகிறார்.

முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் ஊறியிருந்தது. 'மண்ணு என்னைய விடாது' என்று ஊரையே பாட வைத்த அருள்பாண்டி வரப்பை விட்டு நாலு எட்டு இறங்கினான். மண் அவனை விடவில்லை. ஒரு ஷூ உள்ளேயே தங்கிவிட்டது. இழுத்தவனின் காலோடு சாக்ஸ் மட்டும் வந்தது. ஷூவைத் தோண்டி எடுத்து, கழுவி, காய வைத்து, மறுபடி எடுப்பதற்குள் தூறல் போட்டுவிட்டது. அப்போது கேமரா நனையாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றவர் மகனோடு வந்திருந்த கருத்தக்கண்ணன். டைரக்டர் அவரை வேன் டிரைவர் என்று நினைத்து, "அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் புடிங்க" என்றார். அவரும் தள்ளிப் பிடித்தார்.

அழுகிற காட்சியில் அழகுபாண்டிக்கு அழுகை வரவில்லை. தம்பி குடையோடு நிற்பதைப் பார்த்த பிறகு வந்தது. டைரக்டர் ஒரே தடவையில் ஓகே என்றார்.

வேன் போய்விட்டது. மாடுகள் தங்கிவிட்டன. அவற்றை டைல்ஸ் வீட்டின் பின்னால் கட்ட வேண்டியதாயிற்று. வைக்கோல், தவிடு, சாணி, ஈ. தண்ணீர் காட்டப் போன அழகுபாண்டியை ஒன்று தொடையில் உதைத்தது. "பரிசாக் குடுத்தது. விக்கவும் முடியாது, வெட்டவும் முடியாது" என்று சுந்தரம்மாள் மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் பவதாரிணி கடைக்கு வந்தாள். அழகுபாண்டியின் கடை மூட்டைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கும் குட்டியானை வண்டியின் சொந்தக்காரர் பேச்சிமுத்துவின் மகள் அவள். திருமங்கலத்தில் காலேஜில் படிக்கிறாள். காலேஜ் விழாக்களில் பாடி நல்ல பெயர். கடையில் உரம் வாங்க நாலைந்து சம்சாரிகள் நின்றிருந்தார்கள். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"சார், அடுத்த பாட்டுப் போட்டிக்கு நான் போகணும். அதுக்கு மதுரையில ஒரு டீச்சர்ட்ட ஆறு மாசமாவது முறையாக் கத்துக்கணும். அப்பாவால முடியல. நீங்க உதவி செய்யணும்."

"நான் என்னம்மா செய்ய முடியும்? நான் உரக்கடைக்காரன்."

"பாட்டுக்காக மாட்ட வித்தவுங்க சார் நீங்க. இப்ப மாடு திரும்பி வந்திருச்சு."

சம்சாரிகள் அழகுபாண்டியைப் பார்த்தார்கள். டீக்கடையில் அன்று பார்த்த அதே பார்வை. இல்லை என்று சொல்ல அவருக்கு ஆயிரம் காரணம் இருந்தது. ஆனால் எல்லாக் காரணங்களும் 'நான் அந்த மாட்டை விற்கவே இல்லை' என்ற இடத்திலிருந்துதான் தொடங்கின.

"அதுக்கென்னம்மா," என்றார். "செஞ்சிருவோம்."

மறு வாரம் தரகர் வண்டியோடு வந்தார். இந்தத் தடவை உண்மையாகவே மாடுகள் விற்கப்பட்டன. இரண்டில் ஒன்றாவது திரும்பிப் பார்க்கிறதா என்று அழகுபாண்டி வாசலில் நின்று பார்த்தார். இரண்டும் வண்டியில் கிடந்த சோளத்தட்டையைத் தின்பதில் மும்முரமாக இருந்தன.

மதுரையில் பாட்டு டீச்சர் வீடு பசுமலைப் பக்கம். குடோனில் மூட்டை ஏற்ற பேச்சிமுத்துவின் வண்டி மதுரைக்குப் போகும் நாட்களில் பவதாரிணியும் அதிலேயே போய்வந்தாள். 'லோடைச் சரிபார்க்க' என்று அழகுபாண்டியும் ஏறிக்கொள்வார். உண்மையில் தன் மாட்டுப் பணம் வீணாகிறதா என்று பார்க்கத்தான் போனார். அவள் பாடும்போது டீச்சர் வீட்டு வராண்டாவில் உட்கார்ந்திருப்பார். முதல் மாதம் பேப்பர் படித்தார். அப்புறம் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். ஒருநாள் திரும்பி வரும் வழியில், "போன தடவ பாடுனதுல மேல போறப்ப ஒரு எடத்துல மூச்சு வாங்குச்சே, இன்னிக்கு வாங்கலயே, என்ன செஞ்ச?" என்று கேட்டார். அவள் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து சார் போய்ப் பெரியப்பா ஆகிவிட்டது.

ஸ்டியரிங் பிடித்திருந்த பேச்சிமுத்து அதிகம் பேசாதவர். "அண்ணே, இந்த நன்றிய நான் எப்படி..." என்று ஒருநாள் ஆரம்பித்தார். அழகுபாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரோட்டப் பாத்து ஓட்டுப்பா" என்றார்.

போட்டிக்குப் பவதாரிணி தேர்வானாள். சென்னைக்குப் போன முதல் வாரத்திலேயே அழகுபாண்டிக்குப் போன் வந்தது.

"பெரியப்பா, உங்களப் பத்தி எல்லாத்தையும் சொன்னேன். மாட்ட வித்து என்னயப் பாட்டுக் கத்துக்க வச்சாங்கன்னு."

அழகுபாண்டிக்கு நெஞ்சு நிறைந்தது. முதல்முறையாக டிவியில் அவரைப் பற்றி ஓர் உண்மை வரப்போகிறது.

"மாடு ஏற்கனவே வந்திருச்சாம் பெரியப்பா. அருள் அண்ணன் கதையக் காப்பி அடிக்கிறியான்னு கேட்டாங்க. வேற ஏதாவது இருக்கான்னாங்க."

"வேற என்ன இருக்கு?"

"இல்லன்னுதான் சொன்னேன். அப்பா குடிப்பாரான்னு கேட்டாங்க. குடிக்க மாட்டார்னேன். ஒருநாளுமான்னாங்க. ஒருநாளும்னேன். அப்ப ஒனக்கு என்னதான் கஷ்டம்னு சலிச்சுக்கிட்டாங்க." அவள் குரல் இறங்கியது. "கடைசில, வீட்ல கொஞ்சம் பிரச்சினைன்னு மட்டும் போட்டுக்கிறோம், நீ ஒண்ணும் பேச வேணாம், சும்மா தலையக் குனிஞ்சு உக்காருன்னாங்க. உக்காந்தேன். அது எப்படி வரும்னு தெரியல. அப்பாகிட்ட நீங்க பக்குவமாச் சொல்லிருங்க பெரியப்பா. எனக்குப் பயமா இருக்கு."

"நீ பாட்டக் கவனி. நான் சொல்றேன்."

அவர் சொல்லவில்லை. மறுநாள் பேரையூருக்கு லோடு இறக்கப் போகும்போது சொல்லிவிடலாம் என்று வண்டியில் ஏறினார். பேச்சிமுத்து மகளுக்குப் பிடிக்கும் என்று அதிரசம் சுட்டு பார்சல் அனுப்பியதைச் சொல்லிக்கொண்டு வந்தார். அழகுபாண்டி யூரியா தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிக்கொண்டார். டிவியில் வராமலும் போகலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அது வந்தது. பவதாரிணி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் வயலின். அப்புறம் புகை மூட்டத்தில் ஓர் ஆள் தள்ளாடிக்கொண்டு கதவை எட்டி உதைத்தான். ஒரு பெண்ணின் நிழல் சுவரோரம் சுருண்டது. 'தந்தையின் குடிப்பழக்கத்தால் சிதைந்த குடும்பத்திலிருந்து ஒரு குயில்' என்று எழுத்து ஓடியது. அதன் பிறகு அவள் பாடினாள். அவ்வளவு நன்றாகப் பாடியதால் அந்தக் காட்சியை அத்தனை பேரும் நம்பினார்கள்.

மறுநாள் பேச்சிமுத்து வண்டி எடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் எடுத்தார். மெயின்ரோடு பிரியும் விலக்கில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி ஊதச் சொன்னார். ஊதினார். மிஷினில் ஒன்றும் காட்டவில்லை. "மிஷின் ரிப்பேரு போல" என்று போலீஸ்காரர் இன்னொரு தரம் ஊதச் சொன்னார். ஒயின்ஷாப் பக்கம் இறக்க வேண்டிய லோடு ஒன்று இருந்தது. அங்கே முன்பின் தெரியாத ஒருவன் தோளில் கையைப் போட்டு, "மாப்ள, ஒன்னயப் போயி டிவில அசிங்கப்படுத்திட்டாகளே" என்று கண்கலங்கினான். பேச்சிமுத்து வண்டியை வீட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அழகுபாண்டி அவர் வீட்டுக்குப் போனார். பேச்சிமுத்துவின் மனைவி செல்லக்கிளி வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. குடிகாரரு உள்ள படுத்திருக்காரு."

"என்னம்மா நீயும்..."

"பெறகென்னண்ணே? இந்த ஆளு என்னய அடிச்சாராம். கரப்பான்பூச்சி அடிக்கவே என்னயத்தான் கூப்பிடுவாரு." அவள் சிரிக்கப் பார்த்தாள். பாதியில் நின்றுவிட்டது. "எந்தம்பி போன் போட்டு, இத்தன நாளு ஏக்கா மறச்சேன்னு அழுகுறான்ணே. இல்லடான்னா கேக்க மாட்டேங்கிறான். அருவாளோட பொறப்பட்டு வாரேங்கிறான்."

பேச்சிமுத்து எழுந்து வந்தார். சட்டை போடவில்லை, முகம் மழிக்கவில்லை. அந்தக் கோலத்தில் பார்த்தால் டிவியில் சொன்னது சரிதான் என்று யாருக்கும் தோன்றும்.

"எம்மக சொல்லியிருக்க மாட்டாண்ணே."

"சொல்லல," என்றார் அழகுபாண்டி. "அவ தலையக் குனிஞ்சு உக்காந்தது மட்டுந்தான். எங்கிட்டச் சொன்னா. ஒங்கிட்டச் சொல்லச் சொன்னா. நான்தான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

அழகுபாண்டி, "பேச்சி, நான் இன்னொண்ணும் சொல்லணும். அருளுக்காக நான் மாடே விக்கல. எங்கிட்ட மாடே இருந்ததில்ல" என்றார்.

பேச்சிமுத்து அவரைப் பார்த்தார். "எனக்குத் தெரியும்ணே. ஒங்க தோட்டத்துக்கு எங்கப்பாதான டிராக்டர் ஓட்டுனாரு."

"தெரிஞ்சிருந்துமா மகள அனுப்புன?"

"நான் அனுப்பல. அவளாத்தான் வந்தா. வித்த மாட்டக் கேட்டா தர மாட்டீக, இருக்குற மாட்டக் கேட்டா தருவீகன்னு சொன்னா."

அழகுபாண்டி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். செல்லக்கிளி இருவருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

பவதாரிணி இறுதிச்சுற்று வரை போய் இரண்டாம் இடத்தில் வந்தாள். அன்றைக்குச் சிறப்பு விருந்தினராக வந்த மதுரை அருள் மேடையிலேயே அவளைத் தன் தங்கை என்று அறிவித்தான். "எங்க மண்ணுல கஷ்டத்துலதான் பாட்டு வெளையும்" என்றான். அவளை உருவாக்கியது மதுரை அருளின் அறக்கட்டளை என்று மறுநாள் செய்தியில் வந்தது. அப்படி ஓர் அறக்கட்டளை இருக்கிறதா என்று அழகுபாண்டி தம்பியிடம் கேட்டார். "இனிமே ஆரம்பிச்சிருவான்" என்றார் கருத்தக்கண்ணன்.

ஊர் திரும்பிய பவதாரிணி நேரே வீட்டுக்குப் போனாள். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, வெகுநேரம் அழுதாள். பேச்சிமுத்து, "சாப்புட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"ஊர்ல பாராட்டுவிழா வச்சிருக்காங்கப்பா. நீங்க வரணும். அத்தன பேரு முன்னாடியும் சொல்லிர்றேன். எங்கப்பா குடிக்க மாட்டார்னு."

விழா கல்யாண மண்டபத்தில் நடந்தது. மண்டபம் கொள்ளாத கூட்டம். பேச்சிமுத்து கடைசி வரிசையில் அழகுபாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பவதாரிணி மைக்கைப் பிடித்தாள்.

"பாடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எங்கப்பா குடிக்க மாட்டார்."

கைதட்டல் கூரையைத் தூக்கியது.

"இல்ல, கேளுங்க... எங்கப்பா குடிக்கிறதே இல்ல!"

விசில் பறந்தது. "திருந்திட்டாருப்பா!" என்று ஒரு குரல். பெண்கள் பக்கத்தில் பலர் முந்தானையை எடுத்தார்கள்.

"டிவில காட்டுனது பொய்ங்க!"

விழாத் தலைவர் எழுந்து ஓடிவந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "பாத்தீகளா! ஊரறிய நடந்தத இல்லேன்னு சொல்லுது இந்தப் பிள்ள. பெத்த அப்பன விட்டுக்குடுக்காத இந்த மனசு யாருக்கு வரும்? அந்தத் தகப்பன் இங்க வந்திருக்காரா? மேடைக்கு வரணும்!"

ஆட்கள் பேச்சிமுத்துவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கை கொடுத்து எழுப்பினார்கள். அவர் மிரண்டுபோய் அழகுபாண்டியின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நான் என்ன செய்ய? போயி உண்மையச் சொல்லவா?"

"சொல்லாத," என்றார் அழகுபாண்டி. "சொன்னா இன்னும் பெருசா ஒரு பொன்னாட போத்துவாக. பேசாம வாங்கிட்டு வந்துரு."

பேச்சிமுத்து மேடையேறினார். மதுவிலக்குக் கமிட்டி சார்பில் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மகளைப் பார்த்தார். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கைதட்டல் சத்தத்தில் அவருக்கு வேறு எதுவும் விளங்கவில்லை. பிறகு அவள் பாடினாள். பாட்டு நன்றாக இருந்தது. கூட்டம் அதைப் பாதிதான் கேட்டது; மீதி நேரம் பேச்சிமுத்துவோடு போட்டோ எடுத்துக்கொண்டது.

விழா முடிந்த பத்து நாளைக்குள் செல்லக்கிளியைத் தேடிப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் பிள்ளை, நெற்றியில் காயத் தழும்பு. வாசலிலேயே நின்றாள். பேச்சிமுத்து உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, சோத்துல என்னத்தக் கலந்து குடுத்தீக? எந்த ஊரு மருந்து? சொல்லுங்கக்கா. எங்க வீட்டுக்காரரு மோசமாக் குடிக்கிறாரு."

"எம்மா, சத்தியமா இவரு குடிச்சதே இல்லடி. டிவிக்காரன் கட்டிவிட்டது."

அந்தப் பெண் செல்லக்கிளியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் சொல்ல மாட்டேங்கிறீகளேக்கா. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா." அவள் அழ ஆரம்பித்தாள். இடுப்பில் இருந்த பிள்ளையும் சேர்ந்து அழுதது.

செல்லக்கிளி என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே திரும்பிப் பார்த்தாள். பேச்சிமுத்து கையைக் கழுவிவிட்டு, கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஒன் வீட்டுக்காரன் இப்ப எங்க இருக்கான்?"

"வீட்லதான்ணே. ஒயின்ஷாப்புக்குப் பொறப்பட்டுக்கிட்டு இருக்காரு."

"வா, போவோம்."

"நீங்க போயி என்னத்தச் சொல்லப் போறீக?" என்று செல்லக்கிளி மெதுவாகக் கேட்டாள்.

பேச்சிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தார்.

"தெரியல. டிவில காட்டுனதையே சொல்லுறேன். நான் எம்புட்டு மோசமா இருந்தேன்னு."